பூச்சு பொய்யல்ல

பூசிய சுவர் பொய் சொல்கிறது, பூசாத சுவர் உண்மை பேசுகிறது என்ற கருத்து வீடு கட்டுவோரிடையே வேர்விட்டுவிட்டது. சென்னையிலும் கோவையிலும் புது ஃபிளாட் வாங்குகிறவர்கள், முப்பது வருடப் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள், அவர்களுக்கு வரைந்து கொடுக்கும் இன்டீரியர் டிசைனர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். இதற்கு இண்டஸ்ட்ரியல் ஸ்டைல் என்று பெயர். செங்கல் தெரியும் சுவர், கான்கிரீட் தெரியும் மேற்தளம், தலைக்கு மேலே ஓடும் கறுப்புக் குழாய்கள், இரும்புச் சட்டத்தில் பலகை வைத்த அலமாரி, ஒயரில் தொங்கும் இழை பல்பு, மெழுகிய சிமெண்ட் தரை. வீடு ஒரு பழைய ஆலையின் உட்புறம்போலத் தோன்ற வேண்டும்.

அவர்களுடைய வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். கட்டடம் எதனால் ஆனதோ அதைக் காட்ட வேண்டும். பூச்சு, பட்டி, பெயிண்ட், ஜிப்சம் பொய்க்கூரை என்று அடுக்கடுக்காகப் போட்டு மூடுவது வீண்செலவு. குழாயும் ஒயரும் வெளியே இருந்தால் பழுது வரும்போது சுவரை உடைக்க வேண்டாம். பூச்சே இல்லையென்றால் உரியவும் வெடிக்கவும் ஒன்றும் இல்லை, பராமரிப்பு மிச்சம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பூசாத செங்கலில் எளியவர்களுக்கு வீடு கட்டிக் காட்டியிருக்கிறார். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்ட காலத்தில் அந்த உழைப்பின் அழகை வீட்டுக்குள் கொண்டுவருவது உழைப்பாளிக்குச் செய்யும் மரியாதை.

குழாய் பற்றிச் சொல்வது பாதி சரி. மற்றவை சரியில்லை. அதிலும் ஒன்று ஆபத்தானது.

1. எது பொய்?

மறைப்பதெல்லாம் பொய் என்றால் நாம் உடுத்தும் துணியும் பொய்தான். சொல்பவரே அதை ஏற்க மாட்டார். பொய் என்பது இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுவது. பூச்சு எதையும் அப்படிக் காட்டுவதில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்து 'இது சலவைக்கல்' என்று யாரும் ஏமாறுவதில்லை. உள்ளே செங்கல் இருக்கிறது, மேலே பூச்சு இருக்கிறது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கட்டடத்தில் உண்மை வேண்டும் என்று ஆங்கில உலகில் உரக்கப் பேசியவர் ஜான் ரஸ்கின். 1849-இல் வந்த அவருடைய 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில் உண்மைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. மிகக் கறாரான மனிதர். அவர்கூட வெள்ளையடித்த சுவரைப் பொய்யென்று சொல்லவில்லை. செங்கல்மேல் சிமெண்ட் பூசி, அதில் கோடு கிழித்துக் கல்கட்டுபோலக் காட்டுவதைத்தான் பொய் என்றார். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இன்றைய இண்டஸ்ட்ரியல் வீட்டுக்குள் வாருங்கள்.

என் அக்கா மகன் திருவான்மியூரில் வாங்கிய ஃபிளாட்டில் ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. அந்தக் கட்டடத்தை நிறுத்தியிருப்பவை கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும்தான். இடையில் நிரப்பியிருப்பது சிமெண்ட் பிளாக். அதன்மேல் அரை அங்குலப் பூச்சு. அந்தப் பூச்சின்மேல் பசை தடவி, விரல் தடிமன்கூட இல்லாத செங்கல் வில்லைகளை ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்துச் சுவரில் தெரியும் 'கான்கிரீட்' ஒரு டெக்ஸ்ச்சர் பெயிண்ட். உண்மையான கான்கிரீட் வார்க்கும்போது பலகைகளை இறுக்கிய கம்பிகள் விட்டுப்போகும் குழிகள் இருக்கும். இந்தச் சுவரில் எந்தக் கம்பியும் இருந்ததில்லை, அதனால் குழிகளை அளவெடுத்துத் தோண்டியிருக்கிறார்கள். மேலே ஓடும் 'இரும்புக் குழாய்' கறுப்பு அடித்த பி.வி.சி. எடிசன் காலத்து இழை பல்புக்குள் இருப்பது எல்.இ.டி. பட்டை.

"பூசினா பொய்தானே மாமா, இது நேர்மையா இருக்கில்ல?" என்று அவன் கேட்டான். நல்ல பிள்ளை, மனதார நம்பித்தான் கேட்டான். ரஸ்கின் பொய் என்றது, அந்த அறையில் ஒரு சுவர் விடாமல் இருந்தது. மூடுவது தவறு என்று சொல்லும் பாணியில் எல்லாமே மூடித்தான் செய்யப்பட்டிருக்கிறது. மூடியதை மூடவில்லை என்று சொல்வதொன்றே அது புதிதாகச் சேர்த்திருப்பது.

2. மூலக் கதையே இவர்களுக்குச் சாட்சி சொல்லவில்லை

இந்தப் பாணிக்கு முன்னோடி எது என்று கேட்டால் நியூயார்க்கின் சோஹோவைக் காட்டுவார்கள். நல்லது, அங்கேயே போவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் எழுந்த வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடங்கள் அவை. கடையும் கிடங்கும் சிறு தொழிற்கூடமுமாக இருந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழில்கள் நகரை விட்டுப் போகத் தொடங்க, அந்த மாடிகள் காலியாயின. பெரிய ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் இடம் தேடிய கலைஞர்கள் அங்கே குடிபோனார்கள். வாடகை குறைவு என்பதுதான் காரணம். அங்கே குடியிருப்பது சட்டப்படி தவறு. சூடேற்றும் வசதி கிடையாது, குளியலறை கிடையாது. அந்த வட்டாரத்தைத் தீயணைப்புப் படையினர் நூறு ஏக்கர் நரகம் என்று அழைத்தார்கள். உள்ளே ஆள் குடியிருக்கிறார் என்று தீயணைப்பு வீரருக்குத் தெரிய, 1960-களில் கலைஞர்கள் வாசலில் தனி அடையாளப் பலகை மாட்ட வேண்டியிருந்தது. 1971-இல்தான் நகர நிர்வாகம் சான்று பெற்ற கலைஞர்கள் அங்கே வசிக்கலாம் என்று விதியை மாற்றியது.

குடிபோனவர்கள் செய்தது என்ன? கழிவறை கட்டினார்கள், குழாய் இழுத்தார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள். நியூயார்க்கில் கலைஞர்கள் பிடித்த பழைய தொழிற்கூடங்களில் உலகப் புகழ் பெற்றது ஆண்டி வார்ஹோலின் 'ஃபேக்டரி'. அது சோஹோவில் இல்லை, கிழக்கு 47-ஆம் தெருவில் இருந்தது. 1964-இல் அதன் சுவர்களை பில்லி நேம் என்ற கலைஞர் வெள்ளிக் காகிதத்தாலும் வெள்ளி வண்ணத்தாலும் முழுக்க மூடினார். பெயரிலேயே ஆலையைச் சுமந்த அந்த இடத்தில்கூடச் சுவர் வெற்றுச் சுவராக விடப்படவில்லை.

அந்தக் கலைஞர்கள் சகித்துக்கொண்டதைப் பின்னால் வந்தவர்கள் விரும்பி வாங்கினார்கள். 1978-இல் ஜோன் க்ரான், சூசன் ஸ்லெசின் இருவரும் எழுதிய 'ஹை-டெக்' என்ற நூல் தொழிற்சாலை அலமாரியையும் விளக்கையும் வீட்டுக்கு வாங்க வழிகாட்டியது. 1982-இல் சமூகவியலாளர் ஷாரன் ஜூகின் 'லாஃப்ட் லிவிங்' என்ற நூலில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தார். கலைஞர்கள் குடியிருந்ததே அந்த இடத்துக்கு மவுசைக் கொடுத்தது, மவுசு விலையை ஏற்றியது, ஏறிய விலை கைத்தொழிலையும் கலைஞர்களையும் வெளியே தள்ளியது. வறுமையின் ஏற்பாடாகத் தொடங்கியது வசதியின் அடையாளமாக முடிந்தது. அதை எளிமை என்று இங்கே இறக்குமதி செய்வது வரலாறு தெரியாமல் செய்வது.

3. செலவு மிச்சமா?

மேஸ்திரியைக் கேளுங்கள். பூசப்போகும் சுவரைக் கட்டும்போது கல் முன்னே பின்னே இருந்தாலும் பூச்சு சரிசெய்துவிடும். பூசாமல் விடப்போகும் சுவருக்கு ஒவ்வொரு செங்கல்லும் முனை உடையாமல், ஒரே நிறத்தில், ஒரே அளவில் வேண்டும். கல்லைப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நூல் பிடித்து, சந்துகளை ஒரே ஆழத்தில் வழித்துப் பாயிண்டிங் செய்ய வேண்டும். கலவை கல்லில் வழிந்தால் அன்றே துடைக்க வேண்டும். பூச்சுக்கூலி மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கூலியை எழுதுவதில்லை.

கான்கிரீட் இன்னும் கடினம். தெரியும்படி விடப்போகும் கான்கிரீட்டுக்கு வழுவழுப்பான புதுப் பலகை, கசியாத சந்து, ஒரே சீரான கலவை எல்லாம் வேண்டும். சுவிட்சும் விளக்கும் எங்கே வரும் என்று கான்கிரீட் போடுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தவறினால் ஒட்டுப் போட முடியாது, போட்டால் தெரியும். பெரிய கட்டடக் கலைஞர்களின் கையில் அது உயர்ந்த கலை. அது மலிவு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய வீட்டில் பூச்சைக் கொத்தி எடுப்பவர்களின் நிலை இதைவிட மோசம். கட்டிய கொத்தனார் அந்தச் சுவர் வெளியே தெரியும் என்று நினைத்தே கட்டவில்லை. உள்ளே அரைக் கல்லும் உடைந்த கல்லும் கிடைத்த கலவையும்தான் இருக்கும். கொத்தும் கூலி, குப்பை அள்ளும் வண்டி, புதுப் பாயிண்டிங், அதன்மேல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சீலர்.

பராமரிப்பு இல்லை என்பதற்கு ஒரே பதில் ஒட்டடைக்கம்பு. நம் சமையலறையில் தாளிப்பு உண்டு. எண்ணெய்ப் புகை மேலே போய்க் குழாய்களில் படியும், அதன்மேல் தெருப் புழுதி ஒட்டும், பிசுக்காகும். பத்தடி உயரத்தில் ஓடும் குழாயின் மேல்பக்கத்தை மாதம்தோறும் துடைக்கப்போவது வீட்டுக்காரரும் அல்ல, வரைந்து கொடுத்தவரும் அல்ல. ஸ்டூல் போட்டு ஏறப்போவது வீட்டு வேலைக்கு வரும் அம்மா. அவருடைய வேலை கூடியதை யாரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

குழாய் வெளியே இருந்தால் பழுது பார்ப்பது எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதையும் இந்தப் பாணி பாழாக்குகிறது. தொழிற்சாலையில் குழாய்களுக்கு நிற ஒழுங்கு உண்டு, ஐ.எஸ். 2379 என்ற இந்தியத் தரநிலையே இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குக் கடல்பச்சை அடிப்படை நிறம். எதில் என்ன ஓடுகிறது என்பதைத் தூரத்திலிருந்தே படிக்கத்தான் அந்த நிறங்கள். நம் வீட்டில் எல்லாக் குழாய்க்கும் ஒரே மேட் கறுப்பு அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு ஆலை, பயனில் ஆலைக்கு நேர்எதிர்.

4. பேக்கரை விட்டுவிடுங்கள்

லாரி பேக்கர் பெயரை எடுக்காமல் யாரும் இந்த வாதத்தை முடிப்பதில்லை. பர்மிங்ஹாமில் பிறந்து 1945-இல் இந்தியா வந்து, பிறகு திருவனந்தபுரத்தில் தங்கிக் கட்டிய அந்த மனிதரிடம் எனக்குள்ள மதிப்பு சாதாரணமானதல்ல. அதனாலேயே இந்த வாதத்தின்மேல் கோபம் வருகிறது.

பேக்கரின் செங்கல் சுவர்தான் கட்டடத்தையே தாங்கும். எலிப்பொறிக் கட்டு என்று அவர் பரப்பிய முறையில் செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். செங்கலில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். மழை சுவரில் அடிக்காதபடி அவருடைய கூரை வெளியே நன்றாக நீண்டு தாழ்ந்திருக்கும். ஜன்னலுக்குப் பதில் பல இடங்களில் செங்கல் ஜாலி என்னும் துளைச்சுவர்; அதற்குச் சட்டமும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். உள்ளூர்ச் சூளையில் வெந்த கல், உள்ளூர்க் கொத்தனாரின் கை. உள்ளூரில் தேர்ந்த கலைஞனுக்குக் கூலி போகட்டும், தொலைவிலிருந்து வரும் சிமெண்டுக்கும் இரும்புக்கும் பணம் போக வேண்டாம் என்பது அவருடைய கணக்கு. பூச்சை அவர் விட்டது அந்த முழுக் கணக்கில் ஒரு வரி.

நம் ஃபிளாட்டில் அந்தக் கணக்கில் எந்த வரி இருக்கிறது? சுவர் எதையும் தாங்கவில்லை. நீண்ட கூரை இல்லை. காற்று விடும் ஜாலி இல்லை. கறுப்பு இரும்புச் சட்டத்தில் மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடியும் அதைச் சமாளிக்க ஏ.சி.யும் இருக்கின்றன. பேக்கர் பூச்சை விட்டார். இவர்கள் பூச்சின்மேல் செங்கலை ஒட்டுகிறார்கள்.

நம் பக்கத்து மரபு பூச்சை எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டிருக்கிறீர்களா? சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் முட்டை வெள்ளையும் சேர்த்து அரைத்துப் பல அடுக்குகளாகப் பூசித் தேய்த்த சுவர். சித்திரை வெயிலிலும் உள்ளங்கை வைத்தால் குளிரும். அந்த வேலையில் மேல் அடுக்குத்தான் கொத்தனாரின் கைத்திறன் முழுவதையும் கேட்பது. மட்டப்பலகையும் ரசமட்டமும் வைத்து ஒரு சுவரை நேராகப் பூசி இறக்கும் மனிதனின் கையை 'மறைப்பு' என்று தள்ளிவிட்டு, அதை உழைப்புக்கு மரியாதை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

5. மேற்தளத்தில் சுத்தியல் வைப்பது விளையாட்டல்ல

ஆபத்தானது என்று சொன்னது இதைத்தான். சுவரில் வில்லை ஒட்டுவது பணம் போகும் விஷயம். மேற்தளத்தின் அடிப்பக்கப் பூச்சைக் கொத்தி எடுத்துக் கான்கிரீட்டைக் காட்டுவது உயிர் போகக்கூடிய விஷயம்.

கான்கிரீட் தளத்துக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், சுற்றியுள்ள கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமில வாயு ஈரத்தோடு சேர்ந்து மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடற்கரை ஊரில் உப்பும் சேர்ந்து இறங்கும். இரண்டில் ஒன்று கம்பியை எட்டினால் துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதே தளத்தின் ஆயுள். ஐ.எஸ். 456 தரநிலையின் 1978 பதிப்பு, தளத்துக்கு 15 மில்லிமீட்டர் போதும் என்றது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு பாதிப்பு மிகக் குறைந்த சூழலுக்கே பொதுவாக 20 மில்லிமீட்டர் கேட்கிறது. கடற்கரைக் காற்று நேரே படும் கான்கிரீட்டுக்கு 45. அப்படியானால் 1980-களிலும் 90-களிலும் கடலோரத்தில் எழுந்த ஃபிளாட்டுகளில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். விதிப்படி கட்டியிருந்தாலே 15. கம்பிக்கு அடியில் வைக்க வேண்டிய சிமெண்ட் வில்லைகள் நழுவிய இடங்களில் அதுவும் இருக்காது.

அதன் அடியில் பூசியிருக்கும் கால் அங்குலப் பூச்சு தரநிலையின் கணக்கில் சேராது, உண்மை. ஆனால் காற்றையும் ஈரத்தையும் அது தாமதப்படுத்துகிறது. அதை உளியும் சுத்தியலும் வைத்துக் கொத்தும்போது பூச்சு போவதோடு நிற்பதில்லை. ஏற்கெனவே மெலிந்த கான்கிரீட்டில் அடி விழுகிறது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன.

அக்கா மகன் வீட்டில் இதுதான் நடந்தது. கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில், நான்காவது மாடியில், முப்பது வருடக் கட்டடம். கூடத்து மேற்தளத்தைக் கொத்தினார்கள். இரண்டு இடங்களில் பழுப்பேறிய கம்பி வெளியே தெரிந்தது. வேலை பார்த்த டிசைனர், இதுவே தனி அழகு என்று சொல்லி நிறமில்லாத சீலர் ஒன்றை அடித்து முடித்துவிட்டார். இரண்டாவது ஐப்பசி மழைக்குப் பிறகு கம்பி ஓடும் தடத்திலேயே பழுப்புக் கோடுகள் வந்தன. தை மாதம் ஓர் இரவு உள்ளங்கை அகலத்தில் கான்கிரீட் சில்லு பெயர்ந்து சோபாவில் விழுந்தது. மாலையில் அந்தச் சோபாவில்தான் குழந்தை படுத்திருந்தாள்.

கட்டமைப்புப் பொறியாளர் வந்து தளர்ந்ததையெல்லாம் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, காப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் அடைத்தார். பிறகு தளம் முழுவதையும் பூசச் சொன்னார். முதலில் இருந்த பூச்சை எடுக்கக் கொடுத்த கூலியைப்போலப் பல மடங்கு செலவு. இதைச் 'சில டிசைனர்களின் கவனக்குறைவு' என்று தள்ளிவிட முடியாது. பூச்சு வெறும் மறைப்பு என்று நம்பும் மனம், அதை எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கவே கேட்காது. தவறு அந்த நம்பிக்கையில் இருக்கிறது.

6. நம் வீட்டில் சுவர் என்பது என்ன?

புகைப்படத்தில் பார்ப்பவர்களுக்குச் சுவர் ஒரு பின்னணி. நாம் சுவரில் சாய்கிறோம். ஆச்சி காலை நீட்டிச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துதான் கீரை ஆய்வாள். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகுகிறது. விசேஷ வீட்டில் இருபது பேர் பாயில் அமர்ந்து சுவரில் சாய்ந்திருப்பார்கள். சந்து வழித்த செங்கல் சுவரில் சாய்ந்தால் முதுகு உராயும், சேலை நூல் பிரியும், எண்ணெய்த் தலை பட்ட இடம் என்றைக்கும் போகாது. பூசிய சுவரில் அந்த எண்ணெய்க் கறைக்குப் பொங்கலுக்கு முன் ஒரு கை சுண்ணாம்பு போதும்.

ஓசையும் அப்படித்தான். கான்கிரீட் தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குகூட உறிஞ்சாது. கண்ணாடியும் இரும்பும் சிமெண்ட் தரையும் அதற்குத் துணை. கூடமும் சமையலறையும் தடுப்பில்லாமல் ஒன்றாக இருக்கும் வீட்டில் மிக்ஸி ஓடும்போது காது மந்தமான தாத்தாவுக்குப் பக்கத்தில் இருப்பவர் பேச்சும் கலங்கிப்போகிறது.

7. ஆலைக்கு மரியாதை என்பது

இந்த வாதத்துக்குத்தான் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். என் அப்பா கோவையில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தார். மூன்று ஷிஃப்ட். நூல் அறுந்துவிடாமல் இருக்க உள்ளே காற்றை ஈரப்படுத்திக்கொண்டே இருப்பார்கள். ஜன்னல் திறக்க மாட்டார்கள். பஞ்சுத் தூசி இமையிலும் காதிலும் ஒட்டியிருக்கும். இரைச்சலில் பேசிப் பேசி வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்து வரும் பிஸினோசிஸ் நோயின் பெயரை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்; திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தால் நெஞ்சு அடைக்கிறது என்பதை அதற்கு முன்பே கேட்டிருக்கிறேன்.

1979-இல் எங்கள் வீட்டைக் கட்டியபோது பணம் செங்கலோடு நின்றுவிட்டது. ஏழு வருடம் பூசாத சுவருக்குள்தான் வளர்ந்தோம். கல்லிடுக்கில் பல்லி, மழைக்காலத்தில் ஓதம், சுவர் முழுக்க உப்புப் பூக்கும். பூச்சு வேலை மட்டும் பாக்கி என்று வருகிறவர்களிடம் அம்மா அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். இன்றும் தமிழ்நாட்டில் எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் அப்படி நிற்கும் வீடுகளைப் பார்க்கலாம். 1986-இல் போனஸ் பணத்தில் பூசினோம். நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்த அன்று அப்பா கூடத்துச் சுவரில் கை வைத்து மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார். ஆலையின் சுவர் ஆலையோடு நிற்கட்டும், தன் வீட்டுச் சுவர் வேறாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆலையில் வேலை செய்தவன் வீட்டை ஆலைபோல வைத்துக்கொண்டதை நான் எங்கள் தெருவிலோ பக்கத்து லைன் வீடுகளிலோ ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மரியாதை என்பவர்கள் ஆலைகளின் வரலாற்றில் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவைத் தலைவராகவும் திரு.வி.க.வைத் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக. சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. 1921-இல் அங்கே மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. பம்பாயில் 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பவே முடியவில்லை. ஆலை நிலங்களில் வணிக வளாகங்கள் எழுந்தன. வேலை, கூலி, சங்கம், மனிதர் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத் துருவின் நிறத்தை மட்டும் எடுத்துச் சுவரில் பூசினால் அதில் அந்தத் தொழிலாளி எங்கே இருக்கிறார்?

ஆலையிடம் கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு. பழைய பஞ்சாலைகளின் ரம்பப்பல் கூரையைப் பார்த்திருப்பீர்கள். சாய்ந்த பக்கம் ஓடு, நிமிர்ந்த பக்கம் கண்ணாடி; அந்தக் கண்ணாடி வடக்குப் பார்த்திருக்கும். நேர்வெயில் விழாமல் நாள் முழுவதும் சீரான வெளிச்சம். மாடி வீடு கட்டுகிற எவரும் இதைச் செய்யலாம், மின்விளக்கும் வெக்கையும் குறையும். ஆனால் இண்டஸ்ட்ரியல் ஸ்டைல் வீடுகளில் வடக்கு வெளிச்சத்தை யாரும் கேட்டதாக நான் அறியவில்லை. ஆலையின் அறிவு அதன் கூரையில் இருந்தது. இவர்கள் பார்த்தது அதன் சுவரை.

8. 'என் வீடு, என் ரசனை'

கடைசியில் வாதம் இங்கேதான் வந்து நிற்கும். உன் வீடு என்பது சரி. மேற்தளம் உன் வீட்டோடு முடிவதில்லை. உன் கூரை மேல்வீட்டாரின் தரை. ரசனையைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. அந்த ரசனைக்கு நேர்மை, சிக்கனம், உழைப்பு என்ற பெயர்களைச் சூட்டுவதால்தான் இத்தனை பேர் யோசிக்காமல் சுத்தியலை எடுக்கிறார்கள். எனக்கு இந்த நிறம் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லிச் செய்யுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

செய்வதென்றால் சிலவற்றைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் செங்கல் தெரியும் சுவரை எலிப்பொறிக் கட்டிலேயே கட்டுங்கள், மழை படாதபடி இரண்டடிக்குக் குறையாமல் கூரையை நீட்டுங்கள், முதுகு சாயும் உயரம்வரை உள்பக்கம் பூசிவிடுங்கள். குழாய் வெளியே ஓடட்டும், ஆனால் அடுப்புக்கு மேலே வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே நிறமும் வேண்டாம். இரும்பு என்றால் இரும்பாகவே வாங்கி ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கை அடியுங்கள். மின்கம்பி போகும் இரும்புக் குழாய்க்கு எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஃபிளாட்டின் மேற்தளத்தை மட்டும் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, கம்பிக்கு அடியில் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கிறது என்று கவர் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லி, அந்த எண்ணை எழுத்தில் வாங்குங்கள்.